புகாருக்கு ரசீது கேளுங்க
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. வீட்டு வேலை, மாடு, பிள்ளைங்க, அதோட நம்ம குழு. மேடையில் பேசச் சொன்னா எனக்குக் கை நடுங்கும். ஆனா குழந்தைகள் பாதுகாப்பு பற்றி மாவட்டத்தில் நடந்த பயிற்சிக்கு நம்ம கூட்டமைப்பு என்னை அனுப்பி வைச்சது. போய்ட்டு வந்து ஒண்ணும் சொல்லாம இருந்தா அது நியாயம் இல்லை. அதனால் காணாமல் போற குழந்தைகளைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன்.

கடன், வட்டி, சுழல் நிதி பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. விழா நாள்ல இவ என்ன இப்படி ஒரு விஷயத்தை எடுக்கிறாளேன்னு சில பேர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. நம்ம கணக்கு நோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

நம்ம குழுவில் ஒருத்தர் நூறு ரூபாய் சந்தா கட்டினா என்ன செய்றோம்? பாஸ்புக்கில் எழுதுறோம், கையெழுத்துப் போடுறோம். கடன் தவணை கட்டினா ரசீது. கூட்டம் நடந்தா தீர்மான நோட்டு. ஒரு தடவை பக்கத்துக் குழுவில் ஐம்பது ரூபாய் எழுதாம விட்டுப் போச்சுன்னு ரெண்டு வாரம் சண்டை நடந்தது உங்களுக்கே தெரியும். படிக்கத் தெரியாத பாட்டிகூட, "எழுதிட்டியா தாயி, எங்க காட்டு"ன்னு கேட்டு வாங்கிப் பார்த்துட்டுத்தான் போவாங்க. எழுதாதது எல்லாம் நாளைக்கு இல்லாததா ஆயிடும்னு இத்தனை வருஷத்தில் நாம கத்துக்கிட்டோம்.

இப்ப நான் சொல்லப் போறது, எழுதப்படாத புகார்களின் கதை.

டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டான்னு ஒரு பெரிய ஊர். பெரிய பெரிய பங்களா இருக்கிற இடம். அதில் செக்டார் 31ஐ ஒட்டி நிதாரின்னு ஒரு கிராமம். மேற்கு வங்காளம், பீகார் போன்ற ஊர்களிலிருந்து பிழைக்க வந்த ஜனங்க அங்க நிறைய பேர். ஆம்பளைங்க ரிக்‌ஷா ஓட்டுவாங்க, கூலி வேலை செய்வாங்க, துணி இஸ்திரி போடுவாங்க. பொம்பளைங்க பங்களா வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போவாங்க. நம்மளை மாதிரி ஜனங்கதான்.

2005, 2006 வருஷங்களில் அந்த ஊர்ல குழந்தைங்க ஒண்ணு ஒண்ணா காணாமல் போக ஆரம்பிச்சது. கடைக்குப் போன பிள்ளை வரலை. விளையாடப் போன பிள்ளை வரலை. அம்மா அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாங்க. "எங்கயாவது ஓடிப் போயிருக்கும், சொந்தக்காரங்க வீட்டில் தேடிப் பாரு"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு அந்தப் பெற்றவங்க பின்னால சொன்னாங்க. பல புகார்கள் வழக்காவே பதிவாகலை. ஒரு தாய் வந்து அழுதுட்டுப் போவாங்க, அடுத்த மாசம் வேற ஒரு தாய் வருவாங்க. ஒரே ஊர்ல இத்தனை பிள்ளைங்க காணோமேன்னு சேர்த்து வைச்சுப் பார்க்க ஒரு காகிதம் இல்லை.

இதில் ஒரு விஷயத்தை நல்லா கவனிக்கணும். காணாமல் போன ஓர் இளம்பெண்ணின் அப்பா மட்டும் விடலை. ஸ்டேஷனில் எழுத மாட்டேங்கிறாங்கன்னு கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு சொன்ன பிறகுதான் 2006 அக்டோபரில் வழக்கு பதிவு ஆச்சு. அந்த வழக்கில், அந்தப் பொண்ணு வைச்சிருந்த செல்போன் இப்ப யார் கையில் இருக்குதுன்னு தேடிப் போனதில்தான் எல்லாம் வெளியே வந்தது. 2006 டிசம்பர் 29ஆம் தேதி, ஒரு பங்களாவின் பின்பக்கச் சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகளும் மண்டை ஓடுகளும் கிடைச்சது. நாடே அதிர்ந்து போச்சு. சில போலீஸ்காரர்களை வேலையிலிருந்தே நீக்கினாங்க. அடுத்த மாசம் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போச்சு.

ஒரே ஒரு அப்பாவின் புகார் காகிதத்தில் ஏறினதுக்கு இவ்வளவு பலன் இருந்தது. முதல் தாய் வந்து அழுத அன்னைக்கே எழுதியிருந்தா? இதுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் என்ன ஆச்சுன்னு நீங்க கேட்பீங்க. குற்றவாளிக்குத் தண்டனை கிடைச்சிருக்கும்னுதான் நானும் நினைச்சேன். அந்த வீட்டு முதலாளியையும் வேலைக்காரரையும் பிடிச்சாங்க. கீழ்க் கோர்ட்டில் தூக்குத் தண்டனை கொடுத்தாங்க. 2023 அக்டோபர் 16ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தத் தூக்குத் தண்டனைகளை ரத்து செய்து ரெண்டு பேரையும் விடுவிச்சது. அதை எதிர்த்துப் போட்ட மேல்முறையீடுகளை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. வேலைக்காரர் மேல் மிச்சம் இருந்த கடைசி வழக்கிலும் 2025 நவம்பர் 11ஆம் தேதி விடுதலை கிடைச்சது.

கோர்ட்டு சும்மா விட்டுடலை. 60 நாள் போலீஸ் காவலில் வைச்ச பிறகு வாங்கின ஒப்புதல் வாக்குமூலத்தை எப்படி நம்புறதுன்னு கேட்டது. எலும்புகளை எடுத்த விதமும் சட்டப்படி நிரூபணம் ஆகலை. விசாரணை சரியா நடக்கலைன்னு கடுமையாவே சொன்னது. நிரூபிக்க முடியாம ஒரு மனுஷனைத் தூக்கில் போட முடியாதுல்ல? அது சரிதான். ஆனா அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆச்சு, யார் செஞ்சது? ஏறக்குறைய 19 வருஷம் கழிச்சும் சட்டப்படி பதில் இல்லை. எலும்பு கிடைச்சும் பதில் கிடைக்காத தாய்மார்கள் அவங்க.

இது எங்கயோ வடநாட்டில் நடந்தது, நமக்கென்னன்னு யாரும் நினைக்க வேண்டாம். எங்க குடும்பத்திலேயே ஒரு பிள்ளை காணாமல் போயிருக்கு.

என் பெரியம்மாவுக்கு ஒரே பையன். நான் நாலாவது படிக்கிறப்ப அவனுக்கு ஆறு வயசு. தம்பின்னுதான் கூப்பிடுவேன். மாரியம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி கரகாட்டம் நடந்துக்கிட்டிருந்தது. பெரியம்மா மடியில்தான் உட்கார்ந்திருந்தான். தண்ணி குடிச்சிட்டு வரேன்னு எழுந்து போனான். குழாய் இருந்தது இருபது அடி தூரத்தில். வரலை.

அன்னைக்கு ராத்திரியே கிணறு, ஏரி, கரும்புத் தோட்டம் எல்லாம் அரிக்கேன் விளக்கு வைச்சுத் தேடினாங்க. மறுநாள் சுத்து வட்டாரம் பூரா தண்டோரா போட்டாங்க. பெரியப்பா ஸ்டேஷனுக்குப் போனார். "திருவிழாக் கூட்டம்யா, யார் கூடயாவது போயிருப்பான், மூணு நாள் பார்த்துட்டு வா"ன்னு சொன்னாங்க. மூணு நாள் கழிச்சுப் போனார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. வாத்தியார்கிட்ட எழுதி வாங்கிக் கொடுத்தார். ஒரு ரசீது இல்லை, நம்பர் இல்லை. போட்டோ கேட்டாங்க. தனியா எடுத்த போட்டோ கிடையாது. ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில் சித்தப்பா தோளுக்குப் பின்னால பாதி முகம் தெரியும். அதைக் கொடுத்தாங்க. அதுவும் திரும்பி வரலை.

அப்புறம் குறி கேட்டாங்க, மை போட்டுப் பார்த்தாங்க. "வடக்கே இருக்கான், உசுரோட இருக்கான்"னு ஒருத்தர் சொன்னார். அந்த வார்த்தைக்காகவே பெரியம்மா கம்மலை வித்தாங்க. ஊர்க்காரங்க பேசின பேச்சு வேற. "பிள்ளையைப் பார்க்காம கரகாட்டம் பார்த்தவ"ன்னு பேரு. பக்கத்தில் பெரியப்பாவும்தான் உட்கார்ந்திருந்தார். அவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கலை. பிள்ளை காணாமல் போனா அம்மாவுக்கு முதல் தண்டனை ஊர் வாயிலிருந்துதான் வரும். அப்புறம் அந்த அம்மா வெளியே வந்து, நாலு இடத்தில் போய் எப்படிப் புகார் கொடுப்பாங்க? தலை குனிஞ்சு வீட்டுக்குள்ள உட்கார்ந்துட்டாங்க. அத்தோட தேடலும் நின்னு போச்சு.

ஆனா ஒண்ணு மட்டும் பெரியம்மா விடலை. ரேஷன் கார்டில் அவன் பேர் இருந்தது. பிள்ளை இல்லைன்னு எத்தனையோ பேர் சொல்லியும் பேரை எடுக்க விடலை. 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தப்ப, கார்டில் இருக்கிற எல்லாருக்கும் ஆதார் கேட்டாங்க. அவனுக்கு எங்க போறது ஆதாருக்கு? புது கார்டில் அவன் பேர் வரலை. அன்னைக்கு பெரியம்மா ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்து அழுத மாதிரி, அவன் காணாமல் போன அன்னைக்குக்கூட அழுது நான் பார்க்கலை. "அரிசிக்காகவா நான் வைச்சிருந்தேன்? அவன் பேரு எழுதியிருந்த ஒரே காகிதம் அதுதானே"ன்னாங்க.

பயிற்சி முடிஞ்சு வந்த பிறகு நாங்க குழுவில் நாலு பேர் பெரியம்மாவைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். ஸ்டேஷன் ரைட்டர் நல்லாத்தான் பேசினார். "பழைய வழக்கையும் எடுக்கலாம்மா, எஃப்.ஐ.ஆர். நம்பர் சொல்லுங்க"ன்னார். நம்பர் இல்லை. "வருஷம், தேதி எழுதின ரசீது ஏதாவது?" இல்லை. அந்த வெள்ளைத்தாள் எந்த மூட்டையில் போச்சோ யாருக்கும் தெரியலை. அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். மனு நம்பர் போட்டு ஒரு ரசீது கொடுத்தாங்க. அதைப் பெரியம்மா ரேஷன் கார்டு கவருக்குள்ள வைச்சிருக்காங்க. அந்தப் பையன் காணோம்னு சொல்ற முதல் அரசாங்கக் காகிதம் அது. அவன் இருந்தா இப்ப முப்பதைத் தாண்டியிருப்பான்.

நிதாரியிலும் சரி, எங்க வீட்டிலும் சரி, புகார் அன்னைக்கே எழுதப்படலை. இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். பயிற்சியில் நான் நோட்டில் எழுதிக்கிட்டு வந்ததை அப்படியே சொல்றேன்.

2013 மே 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. 18 வயதுக்குக் கீழே உள்ள எந்தக் குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தாலும், எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தக் குழந்தை கடத்தப்பட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும். "ஓடிப் போயிருக்கும், வந்துடும்"னு அவங்களா முடிவு பண்ணக் கூடாது. 24 மணி நேரம் பொறு, மூணு நாள் பொறுன்னு யார் சொன்னாலும் அப்படி ஒரு சட்டம் கிடையாது. பஸ் ஏறி, ரயில் ஏறி ஒரு பிள்ளையை வேற மாநிலத்துக்குக் கொண்டு போக ஒரு ராத்திரி போதும்.

இன்னொண்ணு, இது நம்ம ஊர்ப்பக்கம் ரொம்ப முக்கியம். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதுன்னு ஒண்ணு கொடுப்பாங்க. மனு வாங்கிக்கிட்டோம்ங்கிறதுக்கு அத்தாட்சி அது. நிலத் தகராறுக்கு, வாய்ச் சண்டைக்கு அது கொடுப்பாங்க. குழந்தை காணோம்னா அது மட்டும் பத்தாது. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். வேணும். அதன் நகலைப் புகார் கொடுத்தவங்களுக்கு இலவசமாக் கொடுக்கணும். காசு கேட்கக் கூடாது. அதில் நம்பர் இருக்குதா, தேதி இருக்குதா, பிள்ளையின் பேரும் வயசும் அடையாளமும் சரியா இருக்குதான்னு படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் படிச்சுப் பார்க்கணும்.

"இது எங்க எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போ"ன்னும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவில், எந்த இடத்தில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம்னு தெளிவாப் போட்டிருக்காங்க. அங்க பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அவங்கதான் அனுப்பணும். எழுத மறுத்தா, அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அந்தத் தபால் ரசீதையும் பத்திரமா வைக்கணும். அதுக்கும் பதில் இல்லைன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். வக்கீலுக்குக் காசுக்கு எங்க போறதுன்னு பயப்பட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காம இலவசமா வக்கீல் வைச்சுக் கொடுப்பாங்க. அதுக்கு போன் நம்பர் 15100.

நாலு மாசம் ஆகியும் பிள்ளை கிடைக்கலைன்னா, அந்த வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்றணும்னு இளைஞர் நீதிச் சட்டத்தின் விதிகளில் இருக்குது. இது பல பேருக்குத் தெரியாது. நாலு மாசம் முடியுற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைச்சு, அன்னைக்குப் போய்க் கேட்கணும். கடன் தவணைத் தேதி மறக்காத நமக்கு இது மறக்காது.

எல்லாத்துக்கும் முன்னாடி செய்ய வேண்டியது 1098க்கு போன் பண்றது. குழந்தைகளுக்கான உதவி எண். காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. ஸ்டேஷனுக்கு ஒருத்தர் ஓடும்போதே இன்னொருத்தர் 1098க்கு அடிக்கணும். பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு பேர், ரயில்வே ஸ்டேஷனுக்கு ரெண்டு பேர். அம்மா மட்டும் தனியா ஓடக் கூடாது. அவங்களுக்கு அந்த நேரத்தில் தன் வீட்டு விலாசம்கூட வாயில் வராது. பிள்ளை என்ன சட்டை போட்டிருந்தான்னு கேட்டா பதறுவாங்க. கூட இருக்கிற நாமதான் எடுத்துச் சொல்லணும்.

பொம்பளைப் பிள்ளைங்க விஷயம் ஒண்ணு சொல்லணும். இதைச் சொன்னா சில பேருக்குக் கசக்கும். பதினாலு, பதினஞ்சு வயசுப் பொண்ணு காணோம்னா நம்ம ஊர்ல முதல்ல வர்ற வார்த்தை "ஓடிப் போயிட்டா". வீட்டில் மானம் போச்சுன்னு கதவைச் சாத்திக்கிறாங்க. சித்தி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லி மறைக்கிறாங்க. பத்து நாள் கழிச்சுத்தான் புகார். அந்தப் பத்து நாளில் அந்தப் பொண்ணுக்கு என்ன நடந்திருக்கும்? ஆசை வார்த்தை சொல்லிக் கூட்டிட்டுப் போனவன் எங்க கொண்டு போய் விட்டிருப்பான்? 18 வயசு ஆகாத வரைக்கும் அவ குழந்தைதான். சட்டமும் அப்படித்தான் சொல்லுது. அவளாப் போனாளா, கூட்டிட்டுப் போனாங்களான்னு அப்புறம் விசாரிக்கலாம். முதல்ல அவ உசுரோட கிடைக்கணும். மானத்தைப் பற்றிப் பேசுற சொந்தக்காரங்க ஒருத்தரும் தேடித் தர மாட்டாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும்: "பிள்ளை பிடிக்கிற கும்பல் நம்ம மாவட்டத்தில் இறங்கியிருக்கு, எல்லாருக்கும் அனுப்புங்க." உடனே நாம பத்துக் குரூப்பில் தட்டி விடுறோம். 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கத்தில் என்ன நடந்தது? சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிட காரில் வந்த குடும்பம். வழி கேட்க நின்னாங்க. அதில் ஒரு வயசான அம்மா அங்க விளையாடின பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்க வந்தவங்கன்னு ஊரே சேர்ந்து அடிச்சதில் அந்த அம்மா செத்தே போனாங்க. அன்னைக்கு அங்க ஒரு குழந்தையும் காணாமல் போகலை. பயம் மட்டும்தான் இருந்தது. நம்ம கூட்டமைப்புப் பெண்கள் அந்த மாதிரி செய்தியை அனுப்பக் கூடாது. யார் மேலயாவது சந்தேகம் வந்தா 100 இல்லைன்னா 112க்கு போன் பண்ணுங்க. கம்பை எடுக்க விடாம முன்னாடி போய் நில்லுங்க.

பிள்ளை காணாமல் போறதுக்கு முன்னாடியே நாம செய்யக்கூடியது நிறைய இருக்கு. அதுக்கு ஒரு கதை சொல்றேன், இது நல்லபடியா முடிஞ்ச கதை.

மத்தியப் பிரதேசத்தில் காண்டுவான்னு ஓர் ஊர். அங்க ஓர் ஏழைத் தாய், கட்டட வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாத்தினவங்க. 1986இல் அவங்களுடைய அஞ்சு வயசுப் பையன் நின்னுக்கிட்டிருந்த ரயிலில் ஏறித் தூங்கிட்டான். முழிச்சுப் பார்த்தா ரயில் ஓடிக்கிட்டிருக்கு. கடைசியில் கொல்கத்தாவில் போய் இறங்கினான். ஊர் பேர் கேட்டாங்க. மழலையில் அவன் சொன்ன பேரில் ஒரு ஊரும் இல்லை. தன் பேரையே சரியாச் சொல்லத் தெரியலை, ஷேருங்கிறதை சரூன்னு சொன்னான். பிள்ளை தொலைஞ்சதுன்னு அங்க பதிவு செய்தாங்க. சொந்தக்காரங்க யாரையும் கண்டுபிடிக்க முடியாம, ஆஸ்திரேலியாவில் ஒரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்தாங்க. அங்க வளர்ந்து பெரியவனாகி, கம்ப்யூட்டரில் பூமியின் படத்தை வைச்சு ரயில் பாதையா தேடித் தேடி, 2012இல் தன் அம்மாவை வந்து பார்த்தார். அந்த அம்மா, மகன் திரும்பி வந்தாத் தன்னைத் தேடுவான்னு அந்தப் பகுதியை விட்டே போகலை. சரூ பிரையர்லி என்கிற அவரைப் பற்றி சினிமாவே வந்திருக்கு.

இருபத்தஞ்சு வருஷம் ஆனாலும் பிள்ளை திரும்பி வரலாம். இதைப் பெரியம்மாகிட்ட நான் சொன்னேன். அவங்க கேட்டது ஒண்ணுதான்: "அந்தப் பையன் ஊர் பேரைச் சரியாச் சொல்லியிருந்தா அன்னைக்கே அம்மாகிட்ட வந்திருப்பான்ல?" ஆமாம், வந்திருப்பான். நம்ம பிள்ளைங்க சினிமாப் பாட்டு முழுசாப் பாடும். அம்மா பேர் கேட்டா "அம்மா"ன்னு சொல்லும், ஊர் பேர் கேட்டா "எங்க ஊரு"ன்னு சொல்லும். அம்மா பேர், அப்பா பேர், ஊர், மாவட்டம், ஒரு போன் நம்பர், இந்த அஞ்சும் மூணு வயசிலிருந்தே பிள்ளை வாயில் தினமும் வரணும். சோறு ஊட்டும்போது சொல்லிக் கொடுங்க.

அப்புறம் போட்டோ. இப்ப எல்லார் கையிலும் செல்போன் இருக்கு. பிள்ளை பிறந்தநாள் அன்னைக்கு வருஷம் ஒரு தடவை, முகம் நேராத் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைங்க. பொட்டு, கண்ணாடி, தொப்பி வேண்டாம். மச்சம், தழும்பு எங்க இருக்குன்னு ஒரு நோட்டில் எழுதி வைங்க. போன் மாத்தினா போட்டோ போயிடும், அதனால் ஒரு பிரிண்ட் போட்டு ரேஷன் கார்டோட வைங்க.

பள்ளிக்கூடம். காலையில் பிள்ளையை அனுப்புறோம். அது பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துச்சான்னு நமக்கு எப்பத் தெரியும்? சாயந்திரம் வீட்டுக்கு வரலைன்னாத்தான் தெரியும். அதுக்குள்ள ஏழு மணி நேரம் போயிருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்ம குழுப் பெண்கள் பல பேர் உறுப்பினரா இருக்கோம். காலை வருகைப் பதிவு முடிஞ்சதும், சொல்லாம வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு போன் பண்ணணும்னு அங்க தீர்மானம் போடச் சொல்லுங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னா நாமளும் காலையிலேயே டீச்சருக்குச் சொல்லிடணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கணும், அதுக்கு ஊராட்சித் தலைவர்தான் தலைவர், சுய உதவிக் குழுவிலிருந்தும் உறுப்பினர் இருக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. உங்க ஊர்ல அது கூடுதா? போன தடவை எப்பக் கூடுச்சு? அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்க. கேட்கிறதை நோட்டில் எழுதச் சொல்லுங்க.

நம்ம கூட்டமைப்பு சார்பில் இன்னைக்கு மூணு தீர்மானம் நிறைவேற்றணும்னு தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன். ஒண்ணு, நம்ம ஊராட்சியில் எந்த வீட்டுக் குழந்தை காணோம்னாலும், அவங்க குழுவில் இருந்தாலும் இல்லைன்னாலும், என்ன சாதியா இருந்தாலும், ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும், அந்தத் தாயோட குறைஞ்சது நாலு பேர் ஸ்டேஷனுக்குப் போகணும். ரெண்டு, எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வாங்காம யாரும் திரும்பி வரக் கூடாது. மூணு, அந்த எஃப்.ஐ.ஆர். நம்பரை நம்ம தீர்மான நோட்டில் எழுதி, மாசா மாசம் கூட்டத்தில் கடன் கணக்கு படிக்கிறதுக்கு முன்னாடி அதைப் படிக்கணும். பிள்ளை கிடைக்கிற வரைக்கும் படிக்கணும். ஒரு வருஷம் ஆனாலும், பத்து வருஷம் ஆனாலும், நாம பதவியில் இருந்து இறங்கி வேற பொறுப்பாளர்கள் வந்தாலும், நோட்டு மாறினாலும், அந்த நம்பரைப் புது நோட்டுக்கு எடுத்து எழுதணும்.

இதுக்குப் பெரிய படிப்போ பணமோ தேவையில்லை. எழுதச் சொல்லிக் கேட்கிற தைரியமும் கூட நிற்கிற நாலு பேரும் போதும். அந்த ரெண்டும் நம்மகிட்ட இருக்கு.

சம்மதம்னா கை தூக்குங்க. எல்லாரும் தூக்கினதைச் செயலாளர் அக்கா நோட்டில் எழுதிக்கோங்க. நானும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கீழே இறங்குவேன்.